வாசலில் நின்ற டாக்ஸி

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கும் என் மனைவிக்கும் இடையே ஒரு மௌனப் போட்டி நடந்து வருகிறது. துப்பறியும் படமோ தொடரோ பார்க்கும்போது, குற்றவாளி யாரென்று ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, மேசை மேலுள்ள தண்ணீர்ச் செம்பின் அடியில் வைத்துவிடுவோம். படம் முடிந்ததும் செம்பைத் தூக்கிப் பார்ப்போம். பெரும்பாலும் நான்தான் வெல்வேன் என்று இங்கே எழுதினால், அதை அவர் படிக்கும்போது வீட்டில் அமைதி குலையும். எனவே அதை விட்டுவிடுகிறேன்.

அண்மையில் பேத்தியின் வற்புறுத்தலால், பிபிசி தயாரித்த 'ஷெர்லாக்' தொடரின் முதல் பகுதியைப் பார்த்தோம். 2010-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான பகுதி அது. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஹோம்ஸ் நாவலைத் தழுவி, இன்றைய லண்டனில் நிகழ்வதாக ஸ்டீவன் மொஃபாட் எழுதியது. அந்த நாவலை மாணவப் பருவத்தில் ஒரு முறையும், ஆசிரியனான பின் இரு முறையும் படித்தவன் நான். என் மனைவி ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. செம்பைத் தூக்கியபோது அவர் தாளில் 'டாக்ஸி டிரைவர்' என்று இருந்தது. என் தாளில் 'குடைக்காரர்' என்று இருந்தது.

"கதைதான் உங்களுக்கு முன்னாடியே தெரியுமே?" என்றார் அவர். நாவலிலும் கொலையாளி வண்டிக்காரன்தான். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே தேர்வில் தோற்றவனின் நிலை எனக்கு. எப்படித் தோற்றேன் என்பதை விளக்கவே இக்கட்டுரை. முடிச்சை அவிழ்க்காமல் இதை எழுத இயலாது. ஆகவே, அந்தப் பகுதியை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நாவலில் பிரிக்ஸ்டன் சாலையை ஒட்டிய ஓர் ஆளற்ற வீட்டில், ஓர் அமெரிக்கரின் சடலம் கிடக்கிறது. உடலில் காயமில்லை. சுவரில் மட்டும் இரத்தத்தால் 'ராஹே' என்று ஐந்து ஆங்கில எழுத்துகள். இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ராட், 'ரேச்சல்' என்ற பெண் பெயரை எழுதத் தொடங்கியவர் பாதியில் தடைப்பட்டிருக்கிறார் என்கிறார். ஹோம்ஸ் சிரிக்கிறார். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்குப் 'பழி' என்று பொருள். ரேச்சலைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். பின்னர், அதை எழுதியவன் ஜெர்மானியனே அல்லன், காவல் துறையை ஏமாற்ற எழுதியது அது என்றும் விளக்குகிறார். அதாவது, அந்தச் சொல்லே கொலையாளி வேண்டுமென்று விட்டுச்சென்ற பொய்த்தடம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நடந்தது உண்மையிலேயே பழிவாங்கும் கொலைதான். எழுதிய மொழி பொய், பொருள் மெய்.

தொலைக்காட்சித் தழுவல் இதை அப்படியே தலைகீழாக்கியது. இங்கே இறந்து கிடப்பவர் இளஞ்சிவப்பு உடையணிந்த ஒரு பெண். அதே ஐந்து எழுத்துகளை அவரே, சாகும் தறுவாயில், தரைப் பலகையில் நகத்தால் கீறியிருக்கிறார். தடயவியல் பணியாளர் ஆண்டர்சன் வாசற்படியில் நின்றபடி, ஜெர்மன் மொழியில் பழி என்று பொருள் என்கிறார். ஷெர்லாக் கதவை அவர் முகத்துக்கு நேரே மூடிவிட்டு, அந்தப் பெண் எழுத முயன்றது 'ரேச்சல்' என்கிறார். நாவலில் ஹோம்ஸ் சொன்ன விடையைத் தழுவலில் அசடு சொல்கிறது. நாவலில் அசடு சொன்ன விடையே தழுவலில் சரியாகிறது. 123 ஆண்டுகளுக்குப் பின் லெஸ்ட்ராடுக்குக் கிடைத்த நீதி என்று கொள்ளலாம்!

நான் விழுந்த முதல் குழி இதுதான். நாவலைப் படித்தவன் என்ற கர்வம் ஒரு நொடியில் நொறுங்கியதும், அடுத்த முடிவுக்கு நானே தாவினேன். 'புகழ்பெற்ற துப்பையே திருப்பிப் போட்டவர்கள், கொலையாளியை மட்டும் விட்டுவைப்பார்களா? வண்டிக்காரனாக இருக்கவே முடியாது' என்று எண்ணினேன். மொஃபாட் எதிர்பார்த்ததும் இதைத்தான் போலும். கண்ணுக்குத் தெரிவதை மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை அப்படியே வைத்துக்கொண்டார். கதை தெரிந்தவனை ஏமாற்றக் கதையை மாற்ற வேண்டியதில்லை. மாற்றிவிட்டதாக அவனை நம்ப வைத்தால் போதும்.

பொய்த்தடத்துக்கு ஆங்கிலத்தில் 'சிவப்பு ஹெர்ரிங்' என்று பெயர். ஹெர்ரிங் ஒரு வகைக் கடல் மீன். உப்பிட்டுப் புகையில் வாட்டினால் செந்நிறம் ஏறும். வாசனை ஊரைக் கூட்டும். நம் கருவாட்டுக்கு உறவினர் என்று சொல்லலாம். முயலைத் துரத்தும் வேட்டை நாய்களை அந்த மீனை இழுத்துச் சென்று திசைதிருப்பியதாக ஒரு கதையை 1807-இல் வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னே ஓடி, உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்ட இதழ்களைச் சாடுவதற்காக அவர் சொன்ன உவமை அது. ஆக, அச்சொல்லை இன்றைய பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது துப்பறியும் கதையன்று, அரசியலும் செய்தித்தாளும்தான்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். எதைப் பார்த்தாலும் அதன் விலை என்னவென்று கேட்பது எங்கள் தொழில் நோய். பொய்த்தடத்துக்கும் விலை உண்டு. நாவலாசிரியருக்கு மெய்யான துப்பும் பொய்யான துப்பும் ஒரே விலை: ஒரு வரி மை. 'தோட்டக்காரன் கையில் கட்டு இருந்தது' என்று எழுதப் பத்து நொடி போதும். அது துப்பா, வெறும் காயமா என்பதை வாசகனால் விலையைக் கொண்டு ஊகிக்க முடியாது. தொலைக்காட்சியில் அப்படியன்று. அந்தத் தோட்டக்காரனுக்கு ஒரு நடிகர் வேண்டும்; சம்பளம், உடை, ஒப்பனை, தோட்டம், விளக்கு, ஏறத்தாழ 90 நிமிடங்களில் ஒரு நிமிடம் வேண்டும். அருகில் காட்டினால் பார்வையாளன் உடனே நிமிர்ந்து உட்காருவான். 'இவ்வளவு செலவு செய்து காட்டுகிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது' என்பான். பிரபல நடிகர் ஒருவர் சிறு வேடத்தில் தலைகாட்டினால் அவர்தான் கொலையாளி என்று எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்தே தீர்ப்பு வந்துவிடும்.

1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் ஏறத்தாழ இதுவே. தகவல் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது, மறு பக்கத்தார் செலவு மிகுந்த அடையாளங்களையே நம்புவர். போலிகளால் எளிதில் ஏற்க முடியாத செலவாக இருந்தால்தான் அடையாளத்துக்கு மதிப்பு. 2001-இல் ஆக்கர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த விதியைத் திரைக்குப் பொருத்தினால் ஒன்று விளங்கும்: தொலைக்காட்சியில் மலிவான பொய்த்தடம் எடுபடாது. பார்வையாளனை ஏமாற்ற வேண்டுமானால், பொய்க்காகவும் மெய்யாகவே செலவிட வேண்டும்.

நான் பெயரெழுதிய குடைக்காரர் அப்படிப்பட்ட செலவுதான். டாக்டர் வாட்சன் தெருவில் நடக்கையில், வழியெங்கும் பொதுத் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. கறுப்புக் காரொன்று அவரை ஆளற்ற ஒரு பெரிய கூடத்துக்குக் கொண்டு செல்கிறது. அங்கே குடையை ஊன்றி நிற்கும் ஒருவர், தம்மை ஷெர்லாக்கின் எதிரி என்னும் பொருள்பட அறிமுகப்படுத்திக்கொண்டு, உளவு சொன்னால் பணம் தருவதாகக் கூறுகிறார். பெயர் சொல்வதில்லை. ஹோம்ஸ் கதைகளை அறிந்த எவரும் இவர் மொரியார்ட்டி என்றே முடிவு கட்டுவர். கடைசியில் அவர் ஷெர்லாக்கின் அண்ணன் மைக்ராஃப்ட் என்று தெரிகிறது. அவ்வேடத்தில் நடித்தவர் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் கேட்டிஸ்.

இத்தனை நிமிடங்களை ஒரு பொய்க்காகச் செலவிட்டால் கணக்கு எப்படி நேராகும்? அந்தக் காட்சியில் வேறு வரவுகள் இருக்கின்றன. பணத்தை வாட்சன் மறுக்கிறார். அறிமுகமாகி ஒரு நாளே ஆன நண்பனிடம் அவர் கொண்ட விசுவாசம் அங்கே தெரிகிறது. அவர் கை நடுக்கம் போரின் அச்சத்தால் வந்ததன்று, போர் இல்லாத ஏக்கத்தால் வந்தது என்று குடைக்காரர் சொல்கிறார். அதுவே வாட்சன் என்ற மனிதரின் திறவுகோல். உண்மை வெளிப்பட்ட பின்னரும் அக்காட்சி வீணாவதில்லை. தம்பிக்காகக் கவலைப்படும் அண்ணனின் காட்சியாக அதை மீண்டும் பார்க்க முடிகிறது. நல்ல பொய்த்தடத்துக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் அதற்குக் கதையில் ஓர் இடம் இருக்க வேண்டும். கதவு கிறீச்சிட்டது, கடைசியில் பார்த்தால் பூனை என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

சரி, மெய்யான துப்பு எங்கே இருந்தது? என் மனைவியைக் கேட்டேன். "செத்தவங்க எல்லாரும் அதுக்கு முன்னாடி வண்டி கிடைக்காமத்தானே நின்னாங்க?" என்றார். மீண்டும் போட்டுப் பார்த்தேன். படம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. முதல் மனிதருக்குக் கார் வரவில்லை. டாக்ஸி பிடிக்கும்படி தொலைபேசியில் சொல்கிறார்கள். தாம் டாக்ஸியில் போவதே இல்லை என்கிறார் அவர். இரண்டாவது இளைஞன் மழையில் டாக்ஸியைக் கைகாட்டி அழைக்கிறான், நிற்கவில்லை, குடையெடுக்க வீட்டுக்குத் திரும்புகிறான். மூன்றாமவர் போக்குவரத்துத் துறையின் இணை அமைச்சர். மது அருந்தியிருப்பதால் உதவியாளர்கள் அவருடைய கார் சாவியை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். போக்குவரத்து அமைச்சருக்கே வண்டியில்லை!

இதில் இரண்டாவது இளைஞனின் பெயர் ஜேம்ஸ் ஃபிலிமோர். டாயிலின் பிற்காலக் கதையொன்றில், குடையெடுக்க வீட்டுக்குள் போய் அப்புறம் உலகின் கண்ணில் படாமலே போனவர் என்று ஒரே வரியில் குறிப்பிடப்படும் மனிதரின் பெயர் அது. ஹோம்ஸ் பித்தர்களுக்கு அது தித்திப்பான வரி. எனக்கும் தித்தித்தது. குடையைக் கண்டுகொண்ட பெருமிதத்தில், அதற்கு முந்தைய நொடியில் நிற்காமல் போன டாக்ஸியை நான் பார்க்கவே இல்லை. பின்னர் குடை ஊன்றிய மனிதர் வந்ததும் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். என் படிப்பையே என் மூக்குக்கு முன்னால் இழுத்துச் சென்றார்கள், கருவாட்டைப் போல.

துப்பறியும் கதை எழுதுவோருக்கு 1929-இல் பத்துக் கட்டளைகள் வகுத்தவர் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும்; துப்பறிவாளர் காணும் துப்பை வாசகரும் உடனே காண வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். இந்த அளவுகோலால் அளந்தால் டாயிலின் மூல நாவல் தேறாது. சகதியில் பதிந்த சக்கரத் தடங்களை ஹோம்ஸ் வந்ததும் படித்துவிடுகிறார். அவர் தரையைப் பார்த்தார் என்று மட்டுமே நமக்குச் சொல்லப்படுகிறது. கிளீவ்லாந்து நகரக் காவல் துறைக்கு அவர் அனுப்பிய தந்தியில், இறந்தவரின் திருமணம் பற்றிக் கேட்ட கேள்வியையும் பதிலையும் நாம் கடைசியில்தான் அறிகிறோம். வண்டிக்காரன் பெட்டி தூக்க அறைக்குள் வருகிறான். மறுகணம் கையில் விலங்கு. அதற்கு முன் அவனை நாம் சந்தித்ததே இல்லை. மேதையைக் கண்டு வியக்கலாம். அவரோடு போட்டியிட வழியில்லை. 123 ஆண்டுகள் கழித்து வந்த தழுவல், மூலம் ஒளித்து வைத்ததை எடுத்து மேசை மேல் வைத்தது. நேர்மையில் மூலத்தைவிட தழுவல் ஒரு படி மேல் என்பது என் தீர்ப்பு. நாவலின் நடையழகுக்கு ஈடில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த நேர்மையின் உச்சம் பேக்கர் தெரு வீட்டில் நிகழ்கிறது. இறந்த பெண்ணின் கைப்பேசி கொலையாளியிடம் இருக்கிறது. 'ரேச்சல்' என்பது இறந்தே பிறந்த அவருடைய மகளின் பெயர். அதுவே கைப்பேசியைத் தேடும் கணக்கின் கடவுச்சொல். அதைத் தட்டியதும் கணினியின் வரைபடம் கைப்பேசி இருக்குமிடத்தைக் காட்டுகிறது. அது பேக்கர் தெரு 221! வீடு முழுவதும் காவலர்கள், போதைப்பொருள் சோதனை என்ற பெயரில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளாளுக்குப் பேசுகிறார்கள். இந்தச் சந்தடிக்கு நடுவே வீட்டுக்காரம்மா ஹட்சன், ஷெர்லாக்குக்கு டாக்ஸி வந்திருப்பதாகச் சொல்கிறார். தாம் அழைக்கவில்லை என்று அவர் எரிந்து விழுகிறார். அந்த அம்மா மறுபடியும் சொல்கிறார். எவர் காதிலும் ஏறவில்லை. விடையை இரண்டு முறை உரக்கச் சொல்லியும் ஒருவருக்கும் கேட்காதபடி ஒரு காட்சியை அமைப்பது எளிதன்று. புத்தகத்தில் இதைச் செய்ய முடியாது. அச்சில் எல்லாச் சொற்களும் ஒரே உரப்பில் ஒலிக்கும். திரையில் சொல்லைச் சந்தடிக்குள் புதைக்கலாம். கைப்பேசியை வீட்டுக்குள் தேடுகிறார்கள். அது மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே இன்னொரு காட்சி. ஷெர்லாக்கும் வாட்சனும் சந்தேகத்துக்குரிய டாக்ஸியைச் சந்துபொந்தெல்லாம் துரத்தி நிறுத்துகிறார்கள். பின்கதவைத் திறந்து, பயணியை ஆராய்கிறார்கள். அமெரிக்கர், அன்றுதான் லண்டன் வந்தவர், குற்றமற்றவர். ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். ஓட்டுநரை அவர்கள் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. வாடகை வண்டியில் நமக்குப் பயணிதான் மனிதர். ஓட்டுபவர் வண்டியின் ஓர் உறுப்பு. செஸ்டர்டன் 1911-இல் வெளியான தொகுப்பிலுள்ள ஒரு கதையில் இதையே தபால்காரரைக் கொண்டு செய்தார். யாரும் வீட்டுக்குள் வரவில்லை என்று காவலுக்கு நின்றவர்கள் சத்தியம் செய்கிறார்கள். தபால்காரர் வந்தது அவர்களுக்கு 'யாரோ வந்தது' ஆகவில்லை.

எல்லாத் துப்பும் திரைக்கு வந்து சேராது என்பதையும் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டி 1926-இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலின் சூட்சுமம் முழுவதும் கதை சொல்பவரின் குரலில் ஒளிந்திருக்கிறது. அவர் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்ட சில நிமிடங்களில்தான் கொலை. 2000-இல் டேவிட் சுஷே நடித்து வந்த தழுவலில் அந்த அதிர்ச்சி அடங்கிப் போயிற்று. கேமராவுக்கு 'நான்' என்று சொல்லத் தெரியாது என்பதே காரணம்.

'ஷெர்லாக்' தொடரும் இந்த நேர்மையை இறுதிவரை காக்கவில்லை. 2012 ஜனவரியில் நாயகன் மருத்துவமனை மாடியிலிருந்து குதித்து இறப்பதாகக் காட்டி, உயிரோடிருப்பதையும் கடைசி நொடியில் காட்டினார்கள். எப்படிப் பிழைத்தார் என்று உலகெங்கும் ரசிகர்கள் இரண்டு ஆண்டுகள் காட்சி காட்சியாக ஆராய்ந்தார்கள். 2014 ஜனவரியில் வந்த விடை? மூன்று விளக்கங்கள். முதல் இரண்டும் ரசிகர்களின் கற்பனை என்று கேலி செய்யப்பட்டன. மூன்றாவதை நாயகனே சொல்கிறார், ஆனால் அதையும் நம்ப வேண்டியதில்லை என்பதுபோல் காட்சி முடிகிறது. பலர் அதை ரசித்தனர். எனக்குக் கோபம் வந்தது. துப்பு என்பது பார்வையாளனிடம் வாங்கிய கடன். அவன் தன் கவனத்தைக் கொடுத்திருக்கிறான். தவணை வரும் நாளில் கடன் கொடுத்தவனைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த முறை அவன் கொடுக்க மாட்டான். அதன் பிறகு வந்த பகுதிகளில் நான் துப்புகளைத் தேடவில்லை. நடிப்பை மட்டும் பார்த்தேன்.

டாக்ஸி ஓட்டுநரைத் தவறவிட்டது என்னை இவ்வளவு உறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. 1980-களின் பிற்பகுதியில், நான் பணியாற்றிய கல்லூரியில் ஓர் உள்தேர்வு. தேவை நெகிழ்ச்சிக் கணக்கில் இரண்டு மாணவர்கள் ஒரே தவறான விடையை, தசமப் புள்ளி முதற்கொண்டு ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். அருகருகே அமர்ந்தவர்கள். ஒருவன் வகுப்பில் முதல் மாணவன். மற்றவன் கிராமத்திலிருந்து வந்த, முந்தைய தேர்வுகளில் தவறிய மாணவன். யார் யாரைப் பார்த்து எழுதியிருப்பார் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. இரண்டாமவனை ஆசிரியர் அறைக்கு வரவழைத்து, சக ஆசிரியர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன். "நான் பார்க்கலை சார்" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு எழுதிக் கொடுத்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து வேறொரு மாணவியின் குறிப்பேட்டைப் புரட்டியபோது அதே எண் கண்ணில் பட்டது. இன்னும் சிலரின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதுவே இருந்தது. வகுப்பில் அந்தக் கணக்கைச் சொல்லி எழுத வைத்தவன் நான். கழித்தலில் பிழை செய்தவனும் நான். அந்தத் தேர்வில் அந்தக் கணக்கை மனப்பாடமாக எழுதியவர்கள் அந்த இருவர் மட்டுமே. தவறான விடை எங்கிருந்து வந்தது என்று தேடிய நான், கரும்பலகைக்கு முன்னால் நின்றவனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டு, கடிதத்தைக் கிழித்தேன். எழுந்து நின்று, "பரவாயில்லை சார்" என்றான். அதுவரை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தவன், அந்த ஆண்டு முழுவதும் கடைசிப் பெஞ்சில்தான் உட்கார்ந்தான்.